சங்கிலியை அறுக்காதீர்கள்

லெகோ மனிதர்களைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகரிப்பாளர்களே,

கண்ணாடி அலமாரிக்குள் மினிஃபிகர்களை, அந்தக் குட்டி லெகோ மனிதர்களை, அணிவகுத்து நிறுத்தி, தூசு படாமல், வெயில் படாமல், வீட்டுக்கு வரும் குழந்தைகளின் கை படாமல் காத்துவருகிறீர்கள். உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கடற்கொள்ளைக்காரன் முதல் கல்லறை எலும்புக்கூடு வரை எல்லாருக்கும் அந்த அலமாரியில் இடம் கொடுத்த நீங்கள், கீசெயினை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள்?

"அது மினிஃபிகர் கணக்கில் வராது, வெறும் கீசெயின்" என்பீர்கள். அதே உருவம், அதே முகம், அதே சட்டை. தலையில் ஒரு துளை போட்டுக் கொக்கி மாட்டியதும் சாதியே மாறிவிடுகிறது. பழைய லெகோ பெட்டியை யாராவது விற்க வந்தால் உதிரி உருவங்களுக்கு முண்டியடிக்கிறீர்கள். அடியில் கிடக்கும் கீசெயின்களை, "இதையும் சேர்த்து எடுத்துக்கோங்க" என்று அவர் சும்மா தள்ளிவிடுகிறார். (இதில் எனக்கு லாபம்தான், மறுக்கவில்லை. அந்த லாபத்தை விட்டுக்கொடுக்கும் துணிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.)

புறக்கணிப்பதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். உங்களில் சிலர் இன்னொரு வேலையும் செய்கிறீர்கள். சங்கிலியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, கொக்கியைத் திருகிப் பிடுங்கி, துளையை மறைக்க மேலே வேறொரு தொப்பியைக் கவிழ்த்து, உருவத்தை 'சாதாரண' மினிஃபிகர் வரிசையில் நிறுத்திவிடுகிறீர்கள். விற்கவும் செய்கிறீர்கள். வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிட உறுத்துவது, அந்த நறுக்கலில் அழிந்துபோகும் சாட்சியம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் உருவத்தின் பிறப்பைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் வாதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் லெகோ நிறுவனம் 1975-இல் ஒரு சின்ன மனிதனை வெளியிட்டது. கை அசையாது, கால் பிரியாது, முகமும் கிடையாது. ஓர் ஊர் பொம்மைக்கு ஆள் இருக்கிறான் என்று காட்டுவதற்கான ஒரு முளை, அவ்வளவே. மூன்றே ஆண்டுகளில், 1978-இல், யென்ஸ் நியூகோர் க்னூட்சன் அதற்குக் கை, கால், முகம் எல்லாம் கொடுத்தார். 1968-இல் லெகோவில் சேர்ந்து 2000 வரை அங்கேயே வேலை பார்த்தவர் அவர். 2020-இல் காலமானார். அவர் வடித்த உருவம் தொப்பியில்லாமல் நான்கு செங்கல் உயரம், ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். முகத்தில் இரண்டு புள்ளிகள், ஒரு புன்னகை. தோலுக்கு மஞ்சள் நிறம். எந்த நாட்டுக்காரன் என்றும் சொல்ல முடியாது, எந்த மனநிலை என்றும் சொல்ல முடியாது. குழந்தை எப்படி நினைக்கிறதோ அப்படி.

இந்த வடிவத்தின் உயிர்நாடி, அது பிரிந்து சேரும் என்பது. தலையைக் கழற்றலாம், தொப்பியை மாற்றலாம், காவல்காரன் உடம்பில் விண்வெளி வீரன் தலையை வைக்கலாம். விளையாடுகிற பிள்ளைக்கு அது வரம். நாற்பது ஆண்டு கழித்து அந்த டப்பாவைத் திறக்கிற சேகரிப்பாளருக்கு அதுவே தலைவலி. கல்யாண மண்டப வாசலில் பந்தி முடிந்து கிடக்கும் செருப்புகளைப் போல எல்லாம் எல்லாவற்றோடும் கலந்திருக்கும். கால் இருக்கும், ஜோடி இருக்காது. பொருந்துகிறது என்பதால் அதுதான் இது என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் அலமாரியில் நிற்கும் 1980-களின் தீயணைப்பு வீரனைப் பாருங்கள். அந்தத் தலையும் அந்த உடம்பும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்பதற்கு விற்றவரின் வாய்ச்சொல்லைத் தவிர என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

கீசெயினைக் கையில் எடுங்கள். கை அசையலாம், கால் மடங்கலாம். ஆனால் தலை கழன்று வராது, தொப்பி வராது, இடுப்பு பிரியாது. தொழிற்சாலையில் எந்தத் தலையை எந்த உடம்பில் எந்தக் கவசத்தோடு ஒட்டினார்களோ, அந்தச் சேர்க்கை அப்படியே உறைந்துபோய் உங்கள் கைக்கு வருகிறது. 'ஒட்டிவிட்டார்கள், அதனால் மதிப்பில்லை' என்று நீங்கள் சொல்லும் அதே பசைதான் அதன் பிறப்புச் சான்றிதழ். உதிரி உருவங்களில் எதையும் எதோடும் மாற்றியிருக்கலாம். கீசெயினில் மாற்ற வேண்டுமானால் உடைத்தாக வேண்டும், உடைத்தால் தெரிந்துவிடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, லெகோ மனிதனின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்று படிக்க நினைக்கிறவருக்கு கீசெயினைவிட நம்பகமான பொருள் குறைவு என்கிறேன். பெட்டி பிரிக்காத செட் இன்னும் நம்பகமானது, சந்தேகமில்லை. அதன் விலையில் என் சம்பளம் பாதி போய்விடும்.

சரி, எதையெல்லாம் படிக்கலாம்? தலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆரம்பகாலத் தலைகளின் உச்சியில் இருந்த குமிழ் கெட்டியானது. பின்னாளில் அதைத் துளையுள்ளதாக மாற்றினார்கள். தப்பித் தவறிக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் காற்றுப் போக வழி இருக்கட்டும் என்ற பாதுகாப்புக் கவலை. கீசெயினில் அதே இடத்தில்தான் உலோகக் கொக்கி இறங்குகிறது. மூச்சுக்கு விட்ட வழியில் ஆணி அடித்த கதை என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். தலைமுடியோ தொப்பியோ கவசமோ இருக்கிற உருவமென்றால் அதையும் துளைத்துக்கொண்டு கொக்கி மேலே வரும். கொக்கி வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். தொப்பியின் நடு உச்சியில் வருகிறதா, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வருகிறதா என்பதைப் பொறுத்து உருவம் தொங்கும் கோணமே மாறும். எடையான கவசமும் துணிப் போர்வையும் உள்ளவை முன்னுக்கோ பின்னுக்கோ சாயும். நேராகத் தொங்குகிற கீசெயினைப் பார்த்தால், யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அதன் ஈர்ப்பு மையத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று எனக்கு மரியாதை வரும்.

அடுத்தது சங்கிலி. அதற்கும் சாவி வளையத்துக்கும் நடுவே தொங்கும் சின்னத் தகடு. கீசெயின் சேகரிப்பவர்களுக்கு இதுதான் முதல் அடையாளம். தகடே இல்லாமல் வெறும் சங்கிலியோடு வந்தவை உண்டு. லெகோ முத்திரை அச்சிட்ட, இரண்டுக்கு இரண்டு அளவிலான சதுரத் தகட்டோடு வந்தவை உண்டு. பிற்பாடு அந்தச் சதுரம் போய், மூன்றுக்கு இரண்டு அளவில், ஒரு முனை வளைந்து, அந்த வளைவிலேயே துளையுள்ள தகடு வந்தது. உருவத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தகடு மட்டும் மாறிய சோடிகள் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். சதுரத்தின் மூலை சட்டைப்பையில் குத்தும், துணியை இழுக்கும். வளைந்த முனை வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பொம்மை நிறுவனம் 'இது விளையாட்டுச் சாமான்' என்ற நினைப்பிலிருந்து 'இது ஒருவர் பையில் நாள் முழுக்கக் கிடக்கப்போகிற பொருள்' என்ற நினைப்புக்கு நகர்ந்ததை அந்த வளைவில் பார்க்கிறேன். என் ஊகம்தான். ஆனால் இரண்டையும் பையில் போட்டு நடந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இந்தத் தகட்டு வேறுபாட்டை முறையாகக் குறித்துவைத்ததே உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான் என்பது வேடிக்கை. 2000-இல் டான் யெசெக் என்ற லெகோ ரசிகர் பிரிக்பே என்ற பெயரில் தொடங்கி, பிறகு பிரிக்லிங்க் ஆன இணையச் சந்தையின் பட்டியலில், ஸ்டார் வார்ஸ் படங்களின் டார்த் வேடர் ஒருவருக்கே, சதுரத் தகட்டுக்கு ஒரு பதிவும் வளைந்த தகட்டுக்கு இன்னொரு பதிவும் இருக்கும். அத்தனை நுணுக்கமாகப் பிரித்தவர்கள், பிரித்து எங்கே வைத்தார்கள்? மினிஃபிகர்களோடு வைக்கவில்லை. 'கியர்' என்ற பிரிவில், கைக்கடிகாரம், பேனா, புத்தகப்பை வகையறாக்களோடு தள்ளிவைத்தார்கள். 2019-இல் அந்தச் சந்தையை லெகோ நிறுவனமே வாங்கிய பிறகும் அந்த வரிசை அப்படியேதான் இருக்கிறது. பட்டியலின் ஒரு தலைப்பு விலையையே தீர்மானித்துவிடுகிறது.

வேடரைத் தொட்டுவிட்டேன், இனி சுருக்கமாக முடிக்க முடியாது. ஸ்டார் வார்ஸ் உரிமத்தோடு லெகோ இறங்கிய ஆண்டு 1999. அதுவரை பெரும்பாலும் பெயரில்லாத காவல்காரனும் மாலுமியுமாக இருந்த மினிஃபிகர், அதன் பிறகு திரையில் பார்த்த ஒரு குறிப்பிட்ட ஆளாக மாறத் தொடங்கியது. கீசெயினுக்கு இது பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். பெயரில்லாத தீயணைப்பு வீரனைச் சாவியில் மாட்டிக்கொண்டு போகிறவர் பொம்மைப் பிரியர். டார்த் வேடரை மாட்டிக்கொண்டு போகிறவர் தான் யார் என்று சொல்லிக்கொண்டு போகிறார். பொம்மை வாங்கக் கூச்சப்படுகிற நாற்பது வயதுக்காரரும் சாவிக்கொத்து வாங்கக் கூச்சப்பட மாட்டார். கவசத்தோடும் கறுப்புப் போர்வையோடும் வேடர் அந்த வேலைக்கென்றே பிறந்தவர் மாதிரி தொங்குவார்.

1999-இல் வந்த வேடரின் கவசம் ஒரே துண்டு. அதற்கடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், தழும்புகளோடு ஒரு முகம். செட்டில் வாங்கியவர்கள் கவசத்தைக் கழற்றி அந்த முகத்தைப் பார்க்கலாம், படத்தின் உச்சகட்டமே அதுதானே. கீசெயினிலோ கவசம் ஒட்டிவிட்டது, கொக்கியும் இறங்கிவிட்டது. உள்ளே என்ன முகம் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒரு தலை இருக்கிறது. மூடிய கவசத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு முகத்தோடு என் வீட்டுக் கதவைத் திறக்கிறேன் என்பதில் எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமான ஒரு சந்தோஷம். 2015-இல் செட்டுகளில் வேடரின் கவசம் இரண்டு துண்டானது. கழுத்தோடு சேர்ந்த முகமூடி ஒன்று, மேலே கவிழும் தொப்பி ஒன்று. உங்கள் கையிலுள்ள வேடரில் முகமூடிக்கும் தொப்பிக்கும் நடுவே இணைப்புக்கோடு தெரிந்தால் அது 2015-க்கு முன் பிறந்திருக்க முடியாது. துணிப் போர்வையும் துப்புக் கொடுக்கும். பழைய போர்வை கஞ்சி போட்டதுபோல விறைப்பாக இருக்கும், ஓரம் நூல் பிரியும். 2015 வாக்கில் வரத் தொடங்கியது மெத்தென்று மடியும்.

நிறத்துக்கு வருகிறேன். 2004-இல் லெகோ தன் பழைய சாம்பலையும் பழைய பழுப்பையும் கைவிட்டு, நீலம் கலந்த சாம்பலுக்கும் செம்பழுப்புக்கும் மாறியபோது நம்மவர்கள் போட்ட சண்டையில் பழையவர்கள் சிலர் இன்னும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். செங்கல் கட்டுபவர்களுக்கு அது துயரம், வயதைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு வசதி. 2000-இல் வந்த ஸ்டார் வார்ஸ் சூபாக்கா மண்பழுப்பு, 2004-இல் வந்தவர் செம்பழுப்பு. அதே 2004-இல்தான் உரிமம் பெற்ற பாத்திரங்களுக்கு மஞ்சள் முகம் போய் மனிதத் தோல் நிறம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கூடைப்பந்து வீரர்களிலும் ஸ்டார் வார்ஸின் லாண்டோ கால்ரிசியனிலும் அது எட்டிப்பார்த்திருந்தது. கறுப்பின மனிதர்களின் முகத்தை மஞ்சளில் வார்க்க முடியாது என்ற எளிய நியாயம்தான் அந்த மாற்றத்தைத் தள்ளியது. ஆகவே மஞ்சள் முகத்து லூக் ஸ்கைவாக்கரோ மஞ்சள் முகத்து ஹாரி பாட்டரோ சங்கிலியில் தொங்கினால், அது எந்தக் காலத்து உருவம் என்று விற்பனை அட்டை இல்லாமலே சொல்லிவிடலாம். யோடாவுக்கு வேறு கணக்கு. 2002-இல் வந்தபோது மணல் கலந்த பச்சை, 2013-இல் ஆலிவ் பச்சை. மடங்காத குட்டைக்கால் லெகோவில் அறிமுகமானதே அவருக்காகத்தான். கீசெயினில் மற்றவர்களைவிட உயரம் குறைந்து, சாவிகளுக்கு நடுவே தொலைந்துபோகிற ஆள் அவர்.

உதிரி உருவமாக இருந்தால் இந்த நிறச் சாட்சியம் எதுவும் செல்லாது. 2004-க்கு முந்தைய உடம்பில் பிந்தைய தலையை யாரும் மாட்டியிருக்கலாம். கீசெயினில் அது நடக்காது. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தோன்றினால், திரும்பத் திரும்ப நீங்கள் சங்கிலியை அறுப்பதால்தான்.

இனி, உங்கள் மிகப் பெரிய ஆட்சேபம். "எல்லாம் சரி, கீசெயின் தேய்ந்துபோகிறதே! முகம் அழிந்ததை அலமாரியில் எப்படி வைப்பது?"

தேய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அச்சு எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் ஏன் தேய்கிறது என்பதும் தெரியும். தகட்டில் பள்ளமாகப் பொறித்த படத்தில் மையை நிரப்பி, மேலே வழித்துவிட்டு, மெத்தென்ற சிலிகான் திண்டு ஒன்றால் அதை ஒற்றி எடுத்து, வளைந்த முகத்தின் மேல் அழுத்துவார்கள். பேட் பிரிண்டிங் என்பது இதுதான். மை பிளாஸ்டிக்கின் மேல் ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே ஊறாது. பக்கத்திலேயே பித்தளையிலும் எஃகிலும் அடித்த சாவிகள் இரவும் பகலும் உரசிக்கொண்டிருந்தால் அந்தப் படலம் எத்தனை நாள் தாங்கும்? எந்த மேடு முதலில் உரசுகிறதோ அங்கே முதலில் போகும். மார்பின் நடு, முகத்தின் வளைவு, பிறகு காலின் விளிம்பு. உலோகப் பூச்சு பூசியவற்றில் இன்னும் சீக்கிரம்.

ஆனால் அலமாரியில் நிற்பவை சாகாவரம் பெற்றவையா? வெயில் பட்டால் வெள்ளை பழுக்கிறது, நீலம் நிறம் மாறுகிறது. கையை, காலைச் சொருகிய அழுத்தத்தில் உடம்பின் பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே, மயிரிழை விரிசல் விடுகிறது. நீங்களே கூட்டங்களில் வருத்தப்பட்டுப் பேசுவீர்கள். 1978-இன் விண்வெளிக் கவசத்தின் தாடைப் பட்டை மெல்லியது, எல்லாருடையதும் அங்கேதான் உடைந்தது. 1980-களின் பிற்பகுதியில் அதைத் தடிமனாக்கினார்கள். 2014-இல் வந்த லெகோ திரைப்படத்தில் நீல நிற விண்வெளி வீரன் பென்னியின் கவசத்தை அதே இடத்தில் உடைந்ததாக வரைந்தார்கள், மார்பிலுள்ள முத்திரையையும் தேய்ந்ததாகக் காட்டினார்கள். திரையரங்கில் அதைப் பார்த்துக் கைதட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிறுவனம் தன் பொருளின் தேய்மானத்தையே அதன் அடையாளமாக ஏற்றுக்கொண்ட தருணம் அது. தேய்ந்த பென்னிக்குக் கைதட்டிவிட்டு, தேய்ந்த கீசெயினைக் குப்பை என்பது எந்த ஊர் நியாயம்?

தேய்மானத்திலும் படிப்பதற்கு விஷயம் இருக்கிறது. வலக்கைக்காரர் பையில் வைத்திருந்ததா, இரு சக்கர வண்டியின் சாவித் துவாரத்தில் தொங்கி ஆடியதா என்பதெல்லாம் ஓரளவு ஊகிக்கலாம். வண்டியில் தொங்கியது முதுகுப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், ஹாண்டில் பாரின் கீழ்ப் பகுதியில் மோதிக்கொண்டே இருப்பதால். பையில் கிடந்தது எல்லாப் பக்கமும் மழுங்கியிருக்கும், ஆனால் வெயில் படாததால் நிறம் பளிச்சென்று இருக்கும். அலமாரியில் வெளுத்தவனையும் பையில் மழுங்கியவனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே உருவத்தின் இரண்டு வேறு வாழ்க்கைகள் தெரியும். அதற்காக எல்லாரும் சாவியில் மாட்டித் தேயுங்கள் என்று சொல்ல வரவில்லை. கிடைத்தால் இரண்டு வாங்குங்கள், ஒன்று அட்டையோடு இருக்கட்டும், ஒன்று வேலை பார்க்கட்டும்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீசெயின் உலகில் போலி அதிகம், கண்டுபிடிப்பதும் கடினம். உதிரி உருவமென்றால் தலையைக் கழற்றிக் கழுத்துக் குமிழில் லெகோ என்ற பொறிப்பைத் தேடுவீர்கள். ஒட்டிய உருவத்தில் அது முடியாது. அதனால்தான் தகட்டின் அச்சையும் சங்கிலியின் தரத்தையும் அட்டையையும் கவனிக்கச் சொல்கிறேன். சங்கிலியை அறுத்தவர் உருவத்தின் அடையாளச் சீட்டையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார். போலிகள் ஒருபுறம் இருக்க, இந்த வடிவம் யாருடையது என்றே ஒரு வழக்கு நடந்தது. லெகோ மனிதனின் வடிவத்தை 2000-இல் ஐரோப்பாவில் முப்பரிமாண வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தார்கள். பெஸ்ட்-லாக் என்ற போட்டி நிறுவனம் அதை ரத்து செய்யக் கோரியது. இந்த வடிவம் கட்டைகளோடு பொருந்துவதற்கான தொழில்நுட்பத் தேவையால் வந்தது, அதற்கு யாரும் தனியுரிமை கோர முடியாது என்பது அவர்கள் வாதம். 2015 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதோடும் இணையாமல், எதையும் கட்டாமல், சங்கிலியில் சும்மா தொங்கியே விற்றுத் தீர்கிற கீசெயினை யாராவது அந்த நீதிமன்ற மேசையில் வைத்திருந்தால் வழக்கு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மார்பில் அழுத்தினால் பாதத்திலிருந்து வெளிச்சம் அடிக்கும் எல்இடி கீசெயின்களையும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். உரிமம் பெற்ற வேறு நிறுவனங்கள் செய்தவை அவை. சுமார் ஏழரை சென்டிமீட்டர் உயரம், உள்ளே பொத்தான் பேட்டரி. பூட்டைத் தேடுகிற இருட்டில் உபயோகம்தான். ஆனால் நான்கு செங்கல் உயரத்துக்கென்று வடித்த முகத்தை இரண்டு மடங்காகப் பெருக்கியதும் அந்தப் புன்னகை கொஞ்சம் பயமுறுத்துகிறது. என் கொக்கியில் அவற்றுக்கு இடமில்லை. இது ரசனை, சட்டம் இல்லை.

இப்போது ஊரெல்லாம் பேசுகிற லபூபுவையும் தவிர்க்க முடியாது. காசிங் லங் 2015-இல் தன் படக்கதைகளுக்கு வரைந்த பல்லிளிக்கும் குட்டிப் பூதம் அது. பாப் மார்ட் நிறுவனம் 2019-இலிருந்து பொம்மையாக்கி, 2023-இல் பையில் தொங்கும் பஞ்சுப் பதக்கமாக மாற்றியது. 2024-இல் பிளாக்பிங்க் பாடகி லிசா தன் பையில் மாட்டிக்கொண்ட பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைகள் அதற்கு வரிசையில் நிற்கும்போது, 'தொங்குகிற பொம்மையெல்லாம் ஒரு சேகரிப்பா' என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர்கள் நிறம் வாரியாக, வரிசை வாரியாக, பல்லை எண்ணிப் போலியைப் பிரிக்கிற வேகத்தைப் பார்த்தால் நாம் வெட்கப்பட வேண்டும். அது பெரும்பாலும் சாவியைத் தொடுவதில்லை, பையின் வாரில் நின்றுவிடுகிறது என்பது மட்டும்தான் என் குறை.

சில நடைமுறை விஷயங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கவனியுங்கள்: உப்புக்காற்றில் வளையமும் சங்கிலியும் துருப்பிடிக்கும், துரு தொப்பியின் துளை வழியாக இறங்கி வெள்ளைத் தலையில் பழுப்புக் கோடு போடும். கழுவுவதானால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத சோப்புத் தண்ணீர் போதும். பிறகு கொக்கி இறங்கும் இடத்தை நன்றாக உலர்த்துங்கள். வளையம் துருப்பிடித்துவிட்டால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள், பழையதைத் தூக்கிப்போடாமல் உருவத்தோடு ஒரே உறையில் வையுங்கள். காட்சிக்கு வைக்க ஆசைப்பட்டால் பாதத்தின் துளைகளை ஒரு கட்டையின் குமிழில் அழுத்தி நிறுத்தி, சங்கிலியை முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். அலமாரியின் கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது.

வாங்கும்போது விற்பவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: முகம், முதுகு, கொக்கி இறங்கும் உச்சி, தகட்டின் இரு பக்கமும். உச்சியைக் காட்டத் தயங்குகிறவர் எதையோ மறைக்கிறார். ஏற்கெனவே சங்கிலியை அறுத்துவிட்டவர்கள், விற்பதானால் அறுத்தது என்று எழுதி விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் வீட்டு மேசை இழுப்பறைகளைத் துழாவி, கிடைக்கிற கீசெயின்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அழிந்த முகம், அறுந்த சங்கிலி, எதுவானாலும் பரவாயில்லை. ஒரு மேசை, ஒரு அளவுகோல், நல்ல வெளிச்சத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். தகடு சதுரமா வளைவா, முகம் மஞ்சளா இல்லையா, கவசம் ஒரு துண்டா இரண்டா என்று வரிசைப்படுத்திப் படம் எடுத்துவிட்டு அவரவர் கொத்தை அவரவரிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். சதுரத் தகட்டோடு மண்பழுப்பு சூபாக்கா யாரிடமாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு மட்டும் பேரம் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் சாவியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்